பின்னால் வரும் சொல்

டயர் கடைக்கு மேலே போகிற அந்த மாடிப்படியில் ஒருவர் ஏறும்போது எதிரே இறங்குபவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். ஏறிப் போனால் இரண்டு அறைகள், நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு. கீழேயிருந்து புது ரப்பரின் வாடை நாள் முழுக்க மேலே ஏறி வந்துகொண்டே இருக்கும். வெளிநாட்டு வேலைக்குப் போகத் துடிப்பவர்களை இங்கிலீஷ் பரீட்சையில் தேற்றிவிடுகிற இடம் அது. அங்கேதான் கரெக்ட் டீச்சர் தன் வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தார்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளக் கவரைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. யாராவது எழுந்து ஒரு வாக்கியம் சொல்வார்கள். டீச்சர் தலையைச் சாய்த்துக் கேட்பார். சரியாக இருந்தால், "கரெக்ட். அடுத்தது." தப்பாக இருந்தால் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டுவார், போக்குவரத்துப் போலீஸ்காரர் லாரியை நிறுத்துகிற மாதிரி. எந்த இடத்தில் கை எழுந்ததோ அந்த இடத்திலேயே வாயை மூடிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பாராட்டு கிடையாது, திட்டும் கிடையாது. இப்படி இருப்பவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

அவர் எடுத்த பாடத்தை அந்த நிலையத்தில் வேறு யாரும் தொட விரும்பவில்லை. இங்கிலீஷில் சில தொடர்கள் இருக்கின்றன. அவை வந்து உட்கார்ந்துவிட்டால் பின்னால் வருகிற வினைச்சொல் அவை சொன்னபடிதான் ஆட வேண்டும். 'ஹேட் பெட்டர்' என்று ஆரம்பித்தால் பின்னால் வினை எந்த ஒட்டும் இல்லாமல் மொட்டையாக வந்து நிற்க வேண்டும். 'வுட் ராதர்' என்றாலும் மொட்டைதான். 'கான்ட் ஹெல்ப்' என்றால் வினைக்கு 'இங்' என்கிற வால் இல்லாமல் முடியாது. 'இட்ஸ் நோ யூஸ்' என்றாலும் வால் வேண்டும். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு' என்பதில் 'டு' இருக்கிறதே, மொட்டை போடலாம் என்று நினைத்தால் அங்கேதான் மண்ணைக் கவ்வ வேண்டும். ஏன் இப்படி என்று கேட்டால் டீச்சரிடமும் பதில் கிடையாது. இது இப்படித்தான், நாக்குக்குப் பழக்கிக்கொள்ளுங்கள் என்பார். மொட்டை, வால் என்பதெல்லாம் அவர் வைத்த பெயர்கள். ஊர் ஊராகப் போனவர்கள் பல வருடம் கழித்தும் மறக்காதவை.

ஆரம்ப காலத்தில் மாணவர்கள் புத்தகத்தில் இருந்ததை அப்படியே ஒப்பித்தார்கள். எல்லோரும் ஒரே ஊருக்குப் போக ஆசையாக எதிர்பார்த்தார்கள், எல்லோராலும் ஒரே கோமாளியைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. வாய்மொழித் தேர்வில் கம்ப்யூட்டர் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரம்மாவுக்கு இது மனப்பாடம் என்று ஒரே நொடியில் தெரிந்துவிடும், மதிப்பெண்ணில் கை வைத்துவிடுவார். அதனால் டீச்சர் ஒரு சட்டம் போட்டார். தொடரின் முதல் பாதியை அவர் சொல்வார். மீதியை மாணவர் தன் சொந்த வாழ்க்கையிலிருந்து எடுத்து முடிக்க வேண்டும், அதுவும் நிஜமானதாக இருக்க வேண்டும். பொய் என்று முகத்தில் தெரிந்தால் அதற்கும் கை எழும்பும்.

அந்தச் சட்டம் பரீட்சைக்கு நன்றாக வேலை செய்தது. ஆனால் அந்த அறையில் அதற்கப்புறம் வந்து விழுந்ததெல்லாம் சாதாரண வாக்கியங்கள் இல்லை. கடைசியாக முகம்கூடப் பார்க்க முடியாமல் செத்துப்போன அண்ணனைத் திரும்பக் கேட்டுப் பிரயோஜனமில்லை என்று ஒரு கப்பல் சமையல்காரர் சொன்னார். ஒரு ஆம்புலன்ஸ் ஓட்டுநர், தன் சொந்த வண்டியில் குழந்தைகளை ஏற்றிப் போகும்போதும், பின்னால் இருப்பது உயிரோடு இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்றார். யாரோ ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். வால் இருந்ததா என்று டீச்சர் பார்த்தார். இருந்தது. "கரெக்ட். அடுத்தது."

டீச்சரைக் கல்நெஞ்சுக்காரி என்று அன்றைக்கே சிலர் முணுமுணுத்தார்கள். அதில் எனக்கு முழுச் சம்மதமில்லை. ஒவ்வொருவருக்கும் நின்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தால் பாடம் முடியாது, பாடம் முடியாவிட்டால் அந்த ஓட்டுநர் இன்னும் அதே கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அதுவும் இல்லாமல் டீச்சருக்கு அழுகை என்றால் பயம். அழுகிறவர் எதிரில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே அவருக்குத் தெரியாது. வாக்கியம் சரியா தப்பா என்பது மட்டும் தெரியும். தெரிந்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். வகுப்பறையோடு அது நின்றிருந்தால் நானும் இதைச் சொல்ல வந்திருக்க மாட்டேன்.

வீட்டில் கணவர், ஒரே மகள். கணவர் தெருமுனை மருந்துக்கடையில் கவுன்ட்டரில் நிற்பவர். வாடிக்கையாளரிடம் வளவளவென்று பேசுவார், வீட்டுக்கு வந்தால் வாயில் பூட்டுதான். கல்யாணமான புதிதில் அவரும் பேசிப் பார்த்தவர். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு இங்கிலீஷ் வார்த்தை தடுக்கும், டீச்சரின் உள்ளங்கை எழும்பும். கொஞ்ச வருடத்தில் அவர் தலையாட்டவும் கைஜாடை காட்டவும் கற்றுக்கொண்டார். உப்பு வேண்டுமென்றால் விரலை நீட்டுவார்.

மகள் பிறந்ததும் டீச்சர் ஒரு முடிவுக்கு வந்தார். அம்மாவும் மகளும் இங்கிலீஷிலேயே பேசிக்கொள்வது, தமிழை அப்பா பார்த்துக்கொள்ளட்டும். இரண்டும் வந்துவிடும், பெண் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள். கேட்கிறவர்களுக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை, பொறாமைப்பட்டவர்கள்கூட உண்டு. மகள் அப்பாவிடம் சண்டை போட்டாள், கொஞ்சினாள், கதை அளந்தாள். அம்மாவிடம் விடை சொன்னாள்.

அவளுக்கு ஆறேழு வயதிருக்கும்போது ஊஞ்சலிலிருந்து விழுந்து முழங்காலில் தோல் உரிந்து வந்து நின்றாள். விக்கி விக்கி, நடந்ததை இங்கிலீஷில் சொன்னாள். டீச்சர் ஒரு கையில் பஞ்சும் மருந்துமாக மண்டியிட்டிருந்தார், மறு கை தானாக எழுந்துவிட்டது. விழுந்தேன் என்பதற்கு அந்தச் சொல் இல்லை, மறுபடி சொல். குழந்தை மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி சொன்னது. இரண்டாம் தடவை சரியாக வந்தது. "கரெக்ட்" என்று சொல்லிவிட்டுத்தான் டீச்சர் மருந்து போட்டார், அதுவும் எவ்வளவோ பதமாக, ஊதி ஊதித்தான் போட்டார். ஆனால் அந்த வீட்டில் வாக்கியம் சரியான பிறகுதான் காயத்துக்கு மருந்து என்பது பெண்ணின் மனசில் அன்றைக்கே பதிந்துவிட்டது.

வளர்ந்து நர்ஸ் ஆனாள். ஊர் பெரிய ஆஸ்பத்திரியில் முதியோர் வார்டில் வேலை. மற்ற நர்ஸுகள் அந்த வார்டு என்றாலே முகம் சுளிப்பார்கள். இவளுக்கு அது பிடித்துப்போயிற்று. கிழவர்களின் சண்டைகளையும் பல்செட் காணாமல்போன கதைகளையும் தினமும் கொண்டுவந்து அப்பாவிடம் கொட்டுவாள். இருவரும் கூடத்தில் சிரிப்பது அடுக்களைக்குக் கேட்கும். டீச்சர் எட்டிப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடாது, ஆனால் கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளும்.

அந்தச் சமயத்தில் அடுத்த தெருவில் கண்ணாடிக் கதவும் ஏசியுமாக ஒரு புது நிலையம் வந்தது. டயர் கடை மாடியில் பெஞ்சுகள் காலியாக ஆரம்பித்தன. போதாக்குறைக்கு அந்த வருடம் தேறியவர்களை விடத் தவறியவர்கள் அதிகம். நிலையத்தின் முதலாளியை எல்லோரும் டைரக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் டீச்சரைத் தனியாக உட்காரவைத்து, டீ வரவழைத்துக் கொடுத்து, உங்கள் பெண்ணை இந்த பேட்ச்சில் உட்காரவையுங்கள் என்றார். அவள் தேறட்டும், படியேறுகிற இடத்தில் பெரிய போர்டு வைப்போம், எங்கள் டீச்சரின் சொந்த மகள் என்று. அதற்கு மேல் யாருக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? உங்கள் பாடத்தை எடுத்துவிடலாமா என்றுகூட யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது, இது நடந்தால் அந்தப் பேச்சே எழாது என்றும் போகிறபோக்கில் சொல்லிவைத்தார்.

டீச்சருக்குத் தன் பாடம் போய்விடும் என்ற பயம் வந்தது. அது உண்மை. பெண்ணின் நல்லதுக்குத்தான் என்று அவர் நம்பினார் என்பதும் உண்மை. இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டால் எது எது என்று பிரித்துப் பார்க்க யாருக்குத் துணிவு வரும்? வீட்டில் சொன்னபோது, அவளைக் கேட்டாயா என்று கணவர் கையை மகளின் அறைப்பக்கம் காட்டினார். இதில் கேட்க என்ன இருக்கிறது, ஊரே போகத் தவம் கிடக்கிறது என்றார் டீச்சர். மகளிடம் சேதியாகச் சொன்னார். மகள் சரி என்றாள். இங்கிலீஷில்.

வகுப்பில் மகள் மூன்றாவது பெஞ்சில், ஜன்னலோரம். மற்றவர்களைப் போலவே "மிஸ்" என்றாள். டீச்சரும் அவளுக்கு ஒரு சலுகையும் காட்டவில்லை, அதில் அவருக்குப் பெருமை உண்டு. முறை வரும்போது எழுந்து நின்று சொன்னாள். 'வுட் ராதர்' என்றதற்கு, என் வார்டிலேயே இருந்துவிடத்தான் எனக்கு விருப்பம் என்றாள். மொட்டை சரியாக இருந்தது. கரெக்ட், அடுத்தது. 'யூஸ்ட் டு' என்றதற்கு, தனியாக வாழ்ந்து எனக்குப் பழக்கமில்லை என்றாள். அங்கேயும் 'டு'வுக்குப் பின்னால் வால் வேண்டும், பாதிப்பேர் சறுக்குவார்கள், அவள் சறுக்கவில்லை. டீச்சருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. கரெக்ட், அடுத்தது.

பிறகு ஒரு நாள் 'இட்ஸ் நோ யூஸ்' வந்தது. இன்னது செய்து பிரயோஜனமில்லை என்று முடிக்க வேண்டிய தொடர். மாலை வகுப்பு. மருந்துக்கடைக்காரர் ஸ்கூட்டரைக் கீழே நிறுத்திவிட்டு, அம்மாவையும் மகளையும் கூட்டிப்போக மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார். மகள் எழுந்தாள், டீச்சரை நேராகப் பார்த்தாள்.

"இட்ஸ் நோ யூஸ் டெல்லிங் மை மதர்."

என் அம்மாவிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை. பின் பெஞ்சில் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டு, வேறு யாரும் சிரிக்காததால் இருமினான். மகள் உட்காரவில்லை. எதற்கோ காத்துக்கொண்டு நின்றாள். டீச்சரின் காதில் வால் சரியாக வந்து விழுந்தது. அதற்குப் பின்னால் வந்ததும் விழாமல் இல்லை. கன்னத்தில் சூடு ஏறியது. ஆனால் வகுப்பு பார்த்துக்கொண்டிருந்தது.

"கரெக்ட். அடுத்தது."

மகள் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்ததும் கணவர் அதிசயமாக வாயைத் திறந்து, புள்ள என்ன சொன்னா என்று கேட்டார். சரியான வாக்கியம் சொன்னாள் என்றார் டீச்சர். மதர்னு காதில் விழுந்ததே என்றார் அவர். வகுப்பில் சொல்வதெல்லாம் எடுத்துக்காட்டு, அங்கே யாரும் யாருக்கும் அம்மா இல்லை என்று சொல்லிவிட்டு டீச்சர் குளிக்கப் போய்விட்டார். நிஜத்தை மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டவர் யாராம்? அது அன்றைக்கு அவருக்கு ஞாபகம் வரவில்லை. வந்திருந்தாலும் குழாய் சத்தத்தில் அமுங்கிப்போயிருக்கும்.

அந்த பேட்ச்சில் மகள்தான் முதல். டைரக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மாடிப்படி தொடங்கும் இடத்தில் ஆள் உயர போர்டு, அதில் மகளின் முகம். பெஞ்சுகள் மறுபடி நிரம்பின. டீச்சரின் பாடத்தை எடுக்கிற பேச்சு அடியோடு நின்றது.

விமான நிலையத்தில் அப்பா மகளின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினார். அவள் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்து, மாத்திரையை மறக்காதே, கடையில் நின்றுகொண்டே சாப்பிடாதே என்று தமிழில் என்னென்னவோ சொன்னாள். பிறகு அம்மா பக்கம் திரும்பினாள். அந்த முகத்தில் ஏதோ வந்து வந்து போயிற்று. கடைசியில், நான் கிளம்புவதுதான் நல்லது என்று இங்கிலீஷில் சொன்னாள். 'ஹேட் பெட்டர்', பின்னால் மொட்டை. டீச்சரின் தலை தானாக ஆடிவிட்டது. அந்தத் தலையாட்டலை மகள் பார்த்தாள். பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

அங்கேயும் முதியோர் இல்லத்தில்தான் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள். அம்மாவிடம் வேலை, வெயில், குளிர், வாடகை அறை எல்லாம் ஒழுங்காகச் சொல்லுவாள், ஒரு இடத்தில்கூட இடறாது. கொஞ்ச நாளில் உச்சரிப்பும் அந்த ஊர்க்காரியாக மாறிவிட்டது. டீச்சர் அதை வகுப்பில் சொல்லிச் சந்தோஷப்பட்டார். பிறகு போன் அப்பா கைக்குப் போகும். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் அவளிடம் அதிகம் பேசியதில்லை. டீச்சருக்கு அது கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

இப்படியே வருடங்கள் ஓடின. மகள் ஒரே ஒரு முறை விடுமுறையில் வந்து, விருந்தாளி மாதிரி இருந்துவிட்டுப் போனாள். அப்புறம் மருந்துக்கடைக்காரருக்கு நெஞ்சுவலி வந்து, அதே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இடமில்லாததால் முதியோர் வார்டில் கட்டில். அங்கே தரை துடைக்கிற அம்மா ஒருத்தி டீச்சரைக் கண்டதும், நீங்கள் இங்கே நர்ஸாக இருந்த அந்தப் பெண்ணின் அம்மாவா என்று விசாரித்தாள். வேலைய விட்ட கடைசி நாள் அந்தத் துணி அடுக்கற அறையில உக்காந்து அழுதுச்சு பாருங்க, எங்களால தேத்தவே முடியலை என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், பெற்றவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்ற நினைப்பில். டீச்சர் தலையை ஆட்டிவைத்தார். தெரிந்த மாதிரி.

மறுநாள் சாயங்காலம் கணவர் டீச்சரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். மூக்கில் குழாய். பேச மூச்சு வாங்கியது.

"ஒண்ணு சொல்லணும். நடுவுல நிறுத்தாத."

டீச்சர் தன் வலது கையை மடியில் வைத்து இடது கையால் பிடித்துக்கொண்டார்.

"அவ கடைக்குப் போன் பண்ணுவா. மத்தியானத்துல, நீ கிளாஸ்ல இருக்கறப்ப. அழுவா. வந்துடறேன்னு சொல்லுவா. நான் வந்துடுன்னுதான் சொன்னேன். அம்மா சொல்லட்டும், வரேன்னா. எத்தனை தடவை கேட்டாலும் அதே பேச்சுதான்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்ல வந்தேனே. சாப்பிட உக்காந்திருந்தோம். புள்ளைக்கு ஹோம் சீக்னஸ்னு ஆரம்பிச்சேன். அது சீக்னஸ் இல்ல, சிக்னஸ்னு சொன்ன. நானும் விட்டுட்டேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "விட்டிருக்கக் கூடாது. என் மேலயும் தப்புதான். நீ சொல்லு அவகிட்ட. நம்ம பேச்சுல சொல்லு."

டீச்சருக்கு அந்தச் சாப்பாட்டு வேளை நன்றாக ஞாபகம் இருந்தது. திருத்தியதும் ஞாபகம் இருந்தது. எதற்காக அந்தப் பேச்சு வந்தது என்று அன்றைக்கே கேட்கத் தோன்றாமல் போனதை நினைக்க நினைக்க நெஞ்சை அறுத்தது. சொல்கிறேன் என்று தலையாட்டினார். கணவர் அவர் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த வாரத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

மகளுக்குச் சேதி சொல்ல வேண்டியவர் டீச்சர்தான். மகள் எப்போது, எப்படி என்று இங்கிலீஷில் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு, நான் வரட்டுமா என்று கேட்டாள். லீவு கிடைக்க நாளாகும், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும், ஆனாலும் வரட்டுமா என்று கேட்டாள். வா என்று சொல்ல ஒரே ஒரு எழுத்துதான். கணவர் சொல்லிவிட்டுப் போனதும் அதைத்தான். ஆனால் அந்த இருவருக்கும் நடுவே ஓடிப் பழகிய தடம் வேறு. அலைச்சலாச்சே, பெண் பாவம் என்ற பரிவோடுதான் டீச்சர் வாயைத் திறந்தார். அந்தப் பரிவு நாக்கில் தயாராக இருந்த பழைய வாக்கியத்தில் ஏறிக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

"இட்ஸ் நோ யூஸ் கமிங் நவ்."

இனி வந்து பிரயோஜனமில்லை. வால் உட்பட எல்லாம் சரி. மகள் ஓகே என்றாள். போனை வைத்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று டீச்சருக்கு உறைத்தது. திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அழுகிற பெண்ணிடம் தமிழில் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்தப் பாடத்தை அவர் படித்ததே இல்லை.

அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று நினைத்தார். அந்த ஞாயிறு வெயிலையும் குளிரையும் பேசினார்கள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. இப்படி ஒத்திப்போட்டு ஒத்திப்போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. வீட்டில் இப்போது தமிழ் பேச ஆளில்லை. இங்கிலீஷ் பேசவும் ஆளில்லை. உப்பு வேண்டுமென்றால் டீச்சரே எழுந்து எடுத்துக்கொண்டார்.

ஒரு நாள் வகுப்புக்குப் போனபோது மாடிப்படி வாசலில் ஏணி போட்டு போர்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். புதிதாகத் தேறியவர்களின் முகங்களைப் போட வேண்டுமாம். டைரக்டர் நல்ல மனசோடு மகளின் முகம் இருந்த பகுதியை மட்டும் வெட்டிச் சுருட்டி, வீட்டில் மாட்டிக்கொள்ளுங்கள் டீச்சர் என்று கொடுத்தார். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். கூடத்தில் விரித்தால் எந்தச் சுவரிலும் அடங்கவில்லை. பீரோவில் சாய்த்துவைத்தார். வெயிலில் வெளுத்து, ஓரமெல்லாம் நைந்து, நிஜத்தைவிட நாலு மடங்கு பெரிய முகம். எத்தனை வருடமாக அதைத் தாண்டிப் படியேறியிருக்கிறார், ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. இப்போது பார்க்காமல் இருக்க வழியில்லை, அடுக்களைக்குப் போனாலும் அது வழியில் இருந்தது. வகுப்பில் அந்தச் சாயங்காலம் உட்காராமல் நின்றாளே, அதே பார்வை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகள் கூப்பிடும் முன்னால் தானே கூப்பிட்டார். காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களைப் பேசவைத்தவருக்கு உள்ளங்கை வேர்த்தது.

"நான்தான். அம்மா."

அந்தப் பக்கம் மகள், எல்லாம் நலமா என்று இங்கிலீஷில் பதறினாள். அம்மா தமிழில் பேசுவதென்றால் ஏதோ விபரீதம் என்று நினைத்துவிட்டாள்.

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்." டீச்சர் போனை மறு காதுக்கு மாற்றினார். "வந்துடேன். நீ... அங்க இருக்க வேணாம். அப்பா அப்பவே சொல்லச் சொன்னாரு. நான்தான் சொல்லலை. நீ கிளாஸ்ல சொன்னதெல்லாம் எனக்குக் கேட்டுச்சு. கேட்காத மாதிரி இருந்துட்டேன். வந்துடு, கண்ணு."

கண்ணு என்று அவளை அப்பாதான் கூப்பிடுவார். அந்தச் சொல் டீச்சரின் வாயில் இரவல் சட்டை மாதிரி தொளதொளவென்று இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டார். போனைக் காதில் அழுத்திக்கொண்டார். அந்த ஊரில் ஏதோ வண்டி போகிற சத்தம் கேட்டது. மகள் மூச்சு விடுவது கேட்டது. அந்த மூச்சு ஒரு இடத்தில் இடறியது. அழப்போகிறாள், அழட்டும், இந்தத் தடவை நான் எங்கேயும் ஓடமாட்டேன் என்று டீச்சர் காத்திருந்தார். அவள் அழவில்லை. சட்டை மடிப்பை நீவிவிடுகிற மாதிரி மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"ஐ ஆம் யூஸ்ட் டு லிவிங் அலோன் நவ்."

இப்போது தனியாக வாழ்ந்து எனக்குப் பழகிவிட்டது. மூன்றாவது பெஞ்சில், ஜன்னலோரத்தில் நின்று சொன்ன அதே வாக்கியம், நடுவிலிருந்த 'நாட்' போய், கடைசியில் ஒரு 'நவ்' சேர்ந்து. டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இது பொய்யாக இருக்கக்கூடாதா, கோபத்தில் சொன்னதாக இருக்கக்கூடாதா என்று அந்தக் குரலுக்குள் தேடினார். எத்தனையோ வருடம் நிஜத்தையும் பொய்யையும் குரலிலேயே பிரித்துப் பழகிய காது அது. நிஜம்தான். கோபமும் இல்லை. கை எழுப்ப ஒரு இடமும் இல்லை.

பிறகு மகள்தான் கேட்டாள், எந்தக் குத்தலும் இல்லாத குரலில், உட்காராமல் நிற்கிற மாணவி மாதிரி.

"கரெக்டா, மிஸ்?"

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் கேட்டுவிட்டு நிற்கிறவளுக்குப் பதில் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

"கரெக்ட்" என்றார்.

அதோடு வழக்கமாக வரும் அடுத்த சொல் தொண்டை வரைக்கும் வந்து நின்றுவிட்டது. மகள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். டியூட்டிக்கு நேரமாகிறது என்றாள், பிரஷர் மாத்திரையை விட்டுவிடாதீர்கள் என்றாள், அடுத்த ஞாயிறு பேசுகிறேன் என்றாள். எல்லாமே இங்கிலீஷில், எல்லாமே சரியாக. போன் அணைந்த பிறகும் டீச்சர் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு, பீரோவில் சாய்ந்திருந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.